கல்லறையில் இருக்கும் இன்னொருத்தி

கொலை செய்தவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஓர் இரவு முழுக்க வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள். வராந்தாக் குழல்விளக்கின் அடியில் உட்கார்ந்து டாஃப்னி டூ மாரியேவின் 'ரெபெக்கா'வைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கில இலக்கியம் படித்த அறைத்தோழியின் புத்தகம். பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது; அகராதியை எடுக்கப் பொறுமையும் இல்லை. மனைவியைச் சுட்டுக் கொன்று, படகில் போட்டுக் கடலில் மூழ்கடித்த ஒருவனை நீதிபதி நெருங்கிவிட்டார். ஒரு டாக்டர் தன் பழைய குறிப்பேட்டைத் திறந்து படித்தால் போதும், அவன் கதை முடிந்துவிடும். டாக்டர் படிக்கிறார். அவன் தப்பித்துவிடுகிறான். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன். பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தத் தூக்கம் இப்போது என்னைத் தொந்தரவு செய்கிறது.

'ரெபெக்கா' 1938இல் வெளிவந்த நாவல். அதன் சஸ்பென்ஸை உடைத்தால்தான் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியும். இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும். பணக்காரச் சீமாட்டி ஒருத்திக்கு உதவியாளாகக் கூடவே அலையும் ஓர் ஏழைப் பெண், மான்டி கார்லோவில் மாக்ஸிம் டி வின்டர் என்பவனைச் சந்திக்கிறாள். அவளைவிட இருபது வயது மூத்தவன். அவனுடைய மனைவி ரெபெக்கா படகு கவிழ்ந்து கடலில் இறந்துபோனவள். சில வாரங்களிலேயே திருமணம் ஆகி, கடலோரத்தில் இருக்கும் மான்டர்லி என்ற அவனுடைய மாளிகைக்கு இவள் வந்து சேர்கிறாள். அங்கே எல்லாம் ரெபெக்காவுடையது. அவள் அமர்ந்த மேசை, அவள் எழுத்து, அவள் சீப்பு, அவள் இரவு உடை, அவளைத் தவிர யாரையும் எஜமானியாக ஏற்க மறுக்கும் டான்வர்ஸ் என்ற வீட்டு நிர்வாகி. கதையைச் சொல்பவள் இந்த இரண்டாம் மனைவிதான். நாவல் முடியும்வரை அவளுடைய பெயர் நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. செத்தவளின் பெயர் அட்டையில் இருக்கிறது. உயிரோடு இருப்பவளுக்குப் பெயரில்லை.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு இங்கிலாந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. புகுந்த வீட்டின் சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியாமல் நின்ற ஒவ்வொருத்திக்கும் மான்டர்லி தெரியும். இரண்டாம் தாரமாகப் போனவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கூடத்தில் மாலை போட்ட படம் இருக்கும். வட தமிழகத்தில் பல வீடுகளில், சுமங்கலியாக இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைக்க வேண்டும். அவள் என்ன நிறம் விரும்புவாள் என்பதுகூடச் சில வீடுகளில் நினைவிருக்கும். அவள் எப்படிச் செத்தாள் என்பது பெரும்பாலும் படையலில் பேசப்படுவதில்லை.

நாவலின் முக்கால்வாசித் தொலைவு கடந்தபின் மூடுபனியில் ஒரு கப்பல் தரைதட்டுகிறது. அதைப் பார்க்க இறங்கிய முக்குளிப்பாளன் அடியில் ரெபெக்காவின் படகைக் காண்கிறான். அதன் அறைக்குள் ஒரு பிணம். இனி மறைக்க முடியாது என்று மாக்ஸிம் இரண்டாம் மனைவியிடம் உண்மையைச் சொல்கிறான்: ரெபெக்காவை நான்தான் சுட்டேன், அவளை ஒருநாளும் நான் நேசிக்கவில்லை, வெறுத்தேன். கொலை ஒப்புதல் ஒன்று, காதல் ஒப்புதல் ஒன்று, இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. அவள் காதில் விழுவது இரண்டாவது மட்டும்தான். அவன் ரெபெக்காவை நேசிக்கவில்லை என்பதில் அவளுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. என் காதிலும் அன்று இரண்டாவதுதான் விழுந்தது. அவளோடு சேர்ந்து நானும் மகிழ்ந்தேன். அவளோடு சேர்ந்து நானும் கொலையை மறைத்தேன்.

அந்த நாவலை மறுபடி எடுத்தது கோவளத்தில். விடைத்தாள் திருத்தும் வேலையை முடித்துவிட்டு ஒரு கோடை விடுமுறையில் தோழி வீட்டு மாடியறையில் சில வாரம் தங்கியிருந்தேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் முட்டுக்காடு கழிமுகத்தைத் தாண்டியதும் இடப்புறம் கோவளம். தர்கா, மாதா கோயில், மீனவர் குப்பம், அலைச்சறுக்குப் பழக வரும் நகரத்துப் பிள்ளைகள். காலையில் படகுகள் கரைசேர்ந்து ஏலம் முடிந்ததும் சாலையோரத்தில் மீன் கூறு போட்டு விற்கும் ஓர் அக்காவிடம்தான் வழக்கமாக மீன் வாங்குவேன். அவர் அரிவாள்மனையில் சங்கராவைச் சுத்தம் செய்துகொண்டே, என் கூடையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்து, "இது என்னா கதை டீச்சர்?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். மீன் வெட்டி முடிவதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. மறுநாள் நான் போவதற்கு முன்பே, "அப்புறம் அந்த வேலக்காரி என்னா பண்ணா?" என்று தயாராக இருப்பார். வாரப் பத்திரிகைத் தொடர்போல எங்களுக்குள் அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது.

படகு கிடைத்த கட்டத்துக்கு வந்தேன். ரெபெக்கா இறந்ததாகச் சொன்ன இரண்டு மாதம் கழித்து வேறொரு கரையில் ஒரு பெண்ணின் பிணம் ஒதுங்கியது, அடையாளம் தெரியாத நிலையில் இருந்தது, மாக்ஸிம் போய்ப் பார்த்து இவள் என் மனைவிதான் என்று சொல்லிவிட்டான், குடும்பக் கல்லறையில் அடக்கமும் செய்துவிட்டார்கள், இப்போது படகுக்குள் நிஜ ரெபெக்கா கிடைத்துவிட்டாள், இனி அவன் எப்படித் தப்பப்போகிறான் என்று பரபரப்பாகச் சொல்லி நிறுத்தினேன்.

அக்கா மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இருங்க டீச்சர். படகுக்குள்ள இருந்தது இவன் பொண்டாட்டின்னா, மொதல்ல பொண்டாட்டின்னு சொல்லிப் பொதைச்சானே, அது யாரு?"

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா? புக்குல போட்டிருப்பாங்களே?"

போடவில்லை. அன்று மாடியறைக்குப் போய்ப் பக்கம் பக்கமாகத் தேடினேன். யாருமற்ற யாரோ ஒருத்தி என்பதற்கு மேல் அவளைப் பற்றி ஒன்றுமில்லை. அவள் எந்த ஊர், எந்தப் படகிலிருந்து விழுந்தாள், அவளாக விழுந்தாளா, யாரும் தள்ளினார்களா, அவளைத் தேடி எந்த வீட்டு வாசலில் யார் காத்திருந்தார்கள் என்று கண்டுபிடிக்க அந்த நாவலில் ஒருவரும் புறப்படுவதில்லை. மாஜிஸ்திரேட்டும் புறப்படவில்லை. ஆசிரியரும் புறப்படவில்லை. இரவெல்லாம் விழித்துப் படித்த நானும் அவளை ஒரு தடயமாகத்தான் பார்த்தேன்: இவள் அவனை மாட்டிவிடுவாளா, மாட்டாளா?

வாரம் ஒரு பிணமாவது ஒதுங்கும் கரை என்று கோவளத்தைச் சொல்ல மாட்டேன். ஆனால் கடலோரத்தில் வாழ்பவர்களுக்குக் கரை ஒதுங்குவது என்றால் என்னவென்று தெரியும். 2004 டிசம்பருக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க அது தெரியும். ஒதுங்கிய உடல் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை என்பது அவர்களுக்கு யோசித்துப் பிடிக்க வேண்டிய விஷயமில்லை. எனக்கு அது யோசித்தும் பிடிபடாமல் போயிருந்தது.

ஏன் பிடிபடவில்லை என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி. நான் கொலையை ஆதரிக்கிறவள் இல்லை. பத்தொன்பது வயதிலும் இல்லை. பிறகு எப்படி ஓர் எழுத்தாளர் என்னை நானூறு பக்கத்துக்குள் கொலைகாரனின் ஆளாக மாற்றினார்?

இதற்குத் தமிழில் நமக்கெல்லாம் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 1964இல் வந்த 'புதிய பறவை'. சிவாஜி கணேசனின் கோபால், சரோஜாதேவியின் லதா, சௌகார் ஜானகியின் சித்ரா. முதல் மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லும் கோபால், லதாவை மணக்கப் போகும் நேரத்தில் 'நான்தான் சித்ரா' என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். இவள் போலி என்று அவன் கதறுகிறான், யாரும் நம்புவதில்லை. நாம் அவனோடு சேர்ந்து துடிக்கிறோம். கடைசியில் அவள் போலிதான், ஏனென்றால் நிஜச் சித்ரா என் கையால் செத்தவள் என்று அவனே சொல்ல வேண்டி வருகிறது. அடித்தான், பலவீனமான இதயம், இறந்துவிட்டாள், தற்கொலையாகத் தோன்றட்டும் என்று உடலை ரயில் தண்டவாளத்தில் போட்டான். லதா அவனைப் பிடிக்க வந்த போலீஸ்காரி. ஆனால் அவளும் அவனை உண்மையாகவே காதலித்துவிட்டதாகச் சொல்லிக் கண்ணீர் விடுகிறாள்.

அந்தப் படத்தை ஒருமுறை வகுப்பில் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், யாருக்காக வருத்தப்பட்டீர்கள் என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் கோபாலுக்காக. சிலர் லதாவுக்காக. சித்ராவுக்காக ஒரு கையும் உயரவில்லை. ஏன் என்றேன். முன்வரிசையில் இருந்த மாணவி, "அவங்க குடிக்கிறாங்களே மேம்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ரெபெக்காவுக்கு ஆண் நண்பர்கள் இருந்தார்கள் என்பதற்காக அவளைச் சுட்டவனுக்கு வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டவள்தானே நான்.

இரண்டு கதைகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கொலையைக் கடைசிக்குத் தள்ளிவைக்கின்றன. அதற்குள் அந்த ஆணின் தனிமை, அவன் விழித்துக் கிடக்கும் இரவுகள், புதிய பெண்ணிடம் அவன் காட்டும் மென்மை எல்லாம் நமக்குப் பழகிவிடுகின்றன. 'புதிய பறவை'யில் சித்ரா செத்துவிழும் காட்சி முதலில் வந்திருந்தால் நாம் பார்த்திருக்கும் படம் வேறு. எதை முதலில் சொல்கிறோம், எதைப் பிறகு சொல்கிறோம் என்பது கதை உத்தி மட்டும் இல்லை. நம் இரக்கம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அந்த வரிசை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1940இல் 'ரெபெக்கா'வைப் படமாக்கியபோது, மனைவியைக் கொன்ற கணவன் தண்டனை இல்லாமல் போவதை ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் ஏற்கவில்லை. அதனால் படத்தில் ரெபெக்கா தானாகக் கீழே விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். கோபாலின் ஓர் அறையும் அப்படித்தான். நாயகன் கை ஓங்கலாம், கொலைகாரனாகிவிடக் கூடாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அச்சம் நான்கினால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், கடைசியாகத் தமக்கு இறையானவர், அதாவது தம்மை ஆள்பவர். உரைகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடந்துபோய்க்கொண்டிருந்த பட்டியல் அது. 'ரெபெக்கா'வை இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த வரிசை எனக்குச் சுருக்கென்று தைத்தது. உளவியல் த்ரில்லர் என்று நாம் இன்று சொல்லும் கதைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கி வருகின்றன. முதலில் வீட்டில் பேய் இருக்கிறது என்று தோன்றும். பிறகு வெளியிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று தோன்றும். கடைசியில் பயப்பட வேண்டியது பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு என்று தெரியவரும். பெண்கள் இந்தக் கதைகளை விழுந்து விழுந்து படிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேருந்து நிலையக் கடைகளில் ராஜேஷ்குமார் நாவல்களைத் தேடி வாங்கிய எங்கள் வீட்டுப் பெண்களை ஆண்கள் கேலி செய்வார்கள். வீட்டுக்குள் வரும் காலடி ஓசை எந்த மனநிலையில் வருகிறது என்று கேட்டே கண்டுபிடிக்கப் பழகியவர்களுக்கு அந்த நாவல்கள் பொழுதுபோக்கு மட்டும் இல்லை.

ஆனால் 'ரெபெக்கா'வின் கதைசொல்லி வேறொன்று செய்கிறாள். இறந்தவளின் ஆவிக்குப் பயந்தாள், டான்வர்ஸுக்குப் பயந்தாள், வேலைக்காரர்களின் பார்வைக்கும் பயந்தாள். கணவன் கொலைகாரன் என்று தெரிந்த கணத்தில், பயம் நான்காவது இடத்துக்கு வந்து சேர வேண்டிய கணத்தில், அவளுடைய எல்லாப் பயமும் போய்விடுகிறது. முதன்முறையாக அவள் தைரியசாலி ஆகிறாள். வேலைக்காரர்களை அதட்டுகிறாள். கணவனைக் காப்பாற்ற முன்னால் நிற்கிறாள். என் பதின்வயதில் அதைப் பெண்ணின் வளர்ச்சி என்று படித்தேன். இப்போது படிக்கையில் உடல் நடுங்குகிறது. அவன் என்னைத் தேர்ந்தெடுத்தான் என்ற ஒன்று, அவன் இன்னொருத்தியை என்ன செய்தான் என்பதை மறைத்துவிட்டது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். ஸ்டவ் வெடித்து இறந்துவிட்டார் என்றார்கள். அம்மாவோடு நானும் போனேன். துணி போர்த்தியிருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அவருடைய கணவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். "பாவம், சின்ன வயசு, இந்தப் பையன் எப்படித் தாங்கப்போறானோ" என்று பெண்களே பேசிக்கொண்டார்கள். எனக்கும் அவரைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. அடுத்த ஆண்டு அவருக்குக் கல்யாணம் ஆனது. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யார்மீதும் நான் எதையும் சுமத்தவில்லை. என்னை உறுத்துவது வேறு. அந்த மனிதர் அழுத முகம் இன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அக்காவின் முகத்தை எவ்வளவு முயன்றாலும் கொண்டுவர முடியவில்லை.

சாவு வீட்டில் கதை சொல்ல மிஞ்சியிருப்பது ஒருவர்தான். செத்தவளுக்கு முன்கதைக் காட்சி கிடையாது. சட்டம் இதைத் தாமதமாகவேனும் புரிந்துகொண்டது. 1983இல் குற்றவியல் சட்டங்களைத் திருத்தினார்கள். கணவன் வீட்டுக் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு அப்போது வந்ததுதான். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகத்துக்கு இடமான முறையில் இறந்தாலோ, உடலைக் கூராய்வுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. அத்தகைய சாவுகளில் நடக்கும் விசாரணையை நம் ஊரில் ஆர்.டி.ஓ. விசாரணை என்று சொல்கிறோம். 1986இல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமானது. ஸ்டவ் தானாக வெடித்தது என்று வீட்டார் சொல்லும் கதையோடு விஷயம் முடிந்துவிடக் கூடாது என்பதுதான் இவற்றின் சாரம். இதற்காகத் தெருவில் இறங்கிப் போராடிய பெண்கள், மிஞ்சியிருப்பவன் சொல்லும் கதையை நம்ப மறுத்த வாசகர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'ரெபெக்கா'விலும் ஒரு விசாரணை நடக்கிறது. படகின் அடிப்பலகையில் ஓட்டைகள் உள்ளிருந்து போடப்பட்டவை என்று படகு கட்டுபவர் சாட்சி சொல்கிறார். தீர்ப்பு: தற்கொலை. அதன் பிறகு லண்டன் டாக்டரின் குறிப்பேட்டிலிருந்து தெரிகிறது, ரெபெக்காவுக்குக் குணப்படுத்த முடியாத புற்றுநோய். உடனே மாக்ஸிமுக்கு இன்னொரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. தனக்கு வேறொருவனால் குழந்தை வரப்போவதாக அவள் அன்று சொன்னது பொய், எப்படியும் சாகப் போகிறவள் என்னைச் சீண்டி என் கையால் சாவை வரவழைத்துக்கொண்டாள். ஆக, ஒரே சாவு இரண்டு முறை அவள் தலையிலேயே எழுதப்படுகிறது. நீதிமன்றம் ஒருமுறை எழுதுகிறது, கணவன் ஒருமுறை எழுதுகிறான். 'அவதான் பேசிப் பேசிக் கோபத்தக் கெளப்புனா' என்ற வாக்கியத்தை நாம் எல்லாரும் எங்கேயாவது கேட்டிருக்கிறோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: ரெபெக்கா நல்லவள் என்று நிறுவுவது என் நோக்கம் இல்லை. அவள் மனிதர்களை வைத்து விளையாடியவள் என்று அவளை உயிராய் நேசித்த டான்வர்ஸே சொல்கிறாள். சித்ரா நல்ல மனைவியா என்பதும் என் கேள்வி இல்லை. சுடப்படாமல் இருக்க ஒரு பெண் நல்லவளாக இருந்தாக வேண்டியதில்லை. இவ்வளவு எளிய விஷயத்தை மறக்கடிக்க ஒரு நல்ல சஸ்பென்ஸுக்கு ஒரே இரவு போதுமாக இருந்தது.

நம் மரபில் சஸ்பென்ஸே இல்லாத ஒரு கொலைக்கதை உண்டு. ஆற்றில் மிதந்துவந்த மாங்காயைக் குளிக்கப் போன ஒரு பெண் எடுத்துத் தின்றாள். மாமரம் நன்னன் என்ற மன்னனுக்குரியது. அவளுக்கு ஈடாக 81 களிறுகளும், அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை, கொன்றான். குறுந்தொகை 292ஆம் பாடலில் பரணர் இதைச் சொல்கிறார். தலைவியைக் காவல் காக்கும் தாயைச் சபிக்க வந்த இடத்தில், நன்னன் போன இடத்துக்கு இவளும் போகட்டும் என்கிறாள் தோழி. நன்னனுக்கு அன்று என்ன மனவேதனை, சின்ன வயதில் அவனுக்கு யார் என்ன செய்தார்கள் என்றெல்லாம் பரணர் நம்மை உட்கார்த்திக் காக்கவைக்கவில்லை. செய்த செயலே அவனுக்கு அடைமொழியாகிவிட்டது. புறநானூறு 151இல் பெருந்தலைச் சாத்தனார் ஒருவனைத் தழுவாமல் விலகுகிறார். அவன் நன்னனின் வழித்தோன்றல் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார். தலைமுறை கடந்தும் புலவர்கள் அந்தக் கணக்கை மூடவில்லை.

ஆனால் அங்கும் அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை. களிறுகளின் எண்ணிக்கை இருக்கிறது, பொன்னின் எடை இருக்கிறது, அவள் பெயர் இல்லை. ஆனைமலை மாசாணியம்மனின் கதைகளில் ஒன்று அவள்தான் இவள் என்கிறது. அங்கே அம்மன் நிற்கவில்லை, அமரவில்லை, மல்லாந்து படுத்திருக்கிறாள். பெயரைப் புலவர் விட்டுவிட்டார், மக்கள் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் சஸ்பென்ஸ் நாவல்களைப் படிக்காதீர்கள் என்று என் மாணவிகளிடம் சொல்ல வேண்டுமா? சொல்ல மாட்டேன். படிக்கும்போது மனம் ஆசைப்படுவதெல்லாம் குற்றம் என்றால் நம்மில் யாரும் வெளியே நடமாட முடியாது. கொலைகாரன் தப்ப வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதால் யாரும் சாகவில்லை. ஆனால் அந்த ஆசை எனக்குள் எவ்வளவு சுலபமாக நுழைந்தது என்பதை அந்த நாவல் இல்லாமல் நான் தெரிந்துகொண்டிருக்க முடியாது. தூணில் சாய்ந்து அழுதவரைப் பார்த்து நான் ஏன் அழுதேன் என்பதும் அதன் வழியாகத்தான் புரிந்தது. நல்ல நூலாசிரியர்கள் இதை அறியாதவர்களும் இல்லை. டூ மாரியே தன் கதையைத் தொடங்குவதே மான்டர்லியை இழந்து, வெளிநாட்டு விடுதிகளில் நாளைக் கடத்திக்கொண்டிருக்கும் தம்பதியிடமிருந்துதான். தப்பித்தவர்களின் வாழ்க்கை எவ்வளவு வெறுமையானது என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். அடுத்து என்ன என்ற அவசரத்தில் நான்தான் அதைத் தாண்டிப் போனேன்.

சஸ்பென்ஸ் கதையை ஒருமுறைதான் படிக்க முடியும், முடிவு தெரிந்தபின் அதில் என்ன இருக்கிறது என்பார்கள். முடிவு தெரிந்தபின்தான் நம் பொறுப்பு ஆரம்பிக்கிறது என்கிறேன். முதல் வாசிப்பில் நாம் ஆசிரியரின் கையில் இருக்கிறோம். யாரைக் காட்டினால் அவரைப் பார்க்கிறோம். இரண்டாவது வாசிப்பில் அவர் காட்டாத பக்கம் திரும்ப முடியும். அப்போதுதான் மாக்ஸிமின் பாட்டியை நான் பார்த்தேன். பார்வை மங்கிய கிழவி. புது மருமகள் பார்க்க வந்திருக்கிறாள். பேச்சின் நடுவே கிழவி திடீரென்று, எனக்கு ரெபெக்கா வேண்டும், அவளை என்ன செய்தீர்கள் என்று அழத் தொடங்கிவிடுகிறாள். வயதாகிவிட்டது, பிதற்றுகிறாள் என்று எல்லாரும் சங்கடப்பட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நாவலிலேயே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அந்தப் பக்கத்தை எப்போது முடியும் என்று பத்தொன்பது வயதில் புரட்டியது நினைவிருக்கிறது.

கோவளத்திலிருந்து கிளம்பும் நாளன்று அக்காவிடம் விடைபெறப் போனேன். கதை முடிந்துவிட்டது, அவன் தப்பித்துவிட்டான், வீடு எரிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணு யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலியா?"

"தெரியலக்கா."

"ஒரு அடையாளங்கூடவா இல்ல? மெட்டி?"

"வெள்ளைக்காரப் பொண்ணுக்கா. மெட்டி போட மாட்டாங்க."

"ஜாக்கெட்டுல டெய்லர் துணி தைச்சிருப்பான். மோதிரம் எதாச்சும் இருந்திருக்கும். நல்லா பாருங்க டீச்சர், எங்கனா எழுதியிருப்பாங்க."

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. முட்டுக்காடு பாலம் வருவதற்குள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பிணம் ஒதுங்கும் பக்கத்தைத் தேடிப் பிரித்தேன்.